வயது என்ன? செல்போன் சொல்லும் பதில் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டரோ ஸ்மார்ட் போனோ வாங்கியவர்கள் முதல் சில நாட்களில் இறக்கிப் பார்க்கும் அப்ளிகேஷன்களில் ஒன்று, வயதைக் கணக்கிட்டுச் சொல்லும் புரோகிராம். பிறந்த தேதியைக் கொடுத்தால் இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள் என்று காட்டும். இதுவரை எத்தனை விநாடிகள் வாழ்ந்திருக்கிறீர்கள் என்றுகூடச் சில சொல்கின்றன. பேரக் குழந்தைகளுடன் உட்கார்ந்து பார்த்துச் சிரிக்க இது போதும். ஆனால் இதே எண்ணை நம்பிப் பள்ளி விண்ணப்பத்தை நிரப்புகிறவர்களையும், ஓய்வு பெறும் நாளைக் குறித்து வைத்துக்கொள்கிறவர்களையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். அங்கேதான் எனக்கு ஆட்சேபணை.

நான் இருப்பது அணுபுரத்தில். கல்பாக்கத்தில் உள்ள அணுசக்தித் துறை நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்காக ஏற்பட்ட குடியிருப்பு இது. இங்கே பல வீடுகளில் யாராவது ஒருவர் மத்திய அரசு ஊழியராக இருப்பார். அவர் எந்த மாதம் ஓய்வு பெறுகிறார், பையன் எந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம், பேத்தியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாமா என்று எல்லாமே பிறந்த தேதியைச் சுற்றித்தான் நடக்கும். மாலையில் நடக்கப் போனால் இரண்டு பேராவது செல்போனை நீட்டி, "சார், இதிலே ஒரு வயது வருது, ஆபீஸ்லே வேறே சொல்றாங்களே" என்று கேட்கிறார்கள். சிலருக்குக் கணக்குத் தவறாக இருக்கும். வேறு சிலருக்குக் கணக்கு மிகச் சரியாக இருந்தும் பதில் உதவாது. இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

முதலில் தவறான கணக்கைப் பார்த்துவிடலாம். அது எளிது.

வயதைக் கண்டுபிடிக்க, அவசரமாகப் புரோகிராம் எழுதுபவர்கள் செய்வது இதுதான்: இன்றைய தேதிக்கும் பிறந்த தேதிக்கும் இடையே எத்தனை நாட்கள் என்று கண்டுபிடித்து 365-ஆல் வகுத்துவிடுவார்கள். 15-06-1966 அன்று பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 60 வயது நிறைவது 15-06-2026 அன்று. இடையில் 1968 முதல் 2024 வரை 15 லீப் வருடங்கள் வருகின்றன. அந்த 15 நாட்களைக் கணக்கில் எடுக்காத புரோகிராம், 31-05-2026 அன்றே அவருக்கு 60 முடிந்துவிட்டது என்று காட்டிவிடும். பதினைந்து நாள்தானே என்று நினைக்காதீர்கள். மத்திய அரசு ஊழியர் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். 1998-ல் இந்த வயது 58-லிருந்து 60 ஆக உயர்த்தப்பட்டது. இந்தப் புரோகிராமை நம்பினால் ஜூனில் ஓய்வு பெற வேண்டியவர் மே மாதத்திலேயே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 365-க்குப் பதில் 365.25-ஆல் வகுப்பார்கள். இதுவும் உதவாது. 10-03-2008-ல் பிறந்த பெண்ணுக்கு 10-03-2026 அன்று 18 வயது நிறைகிறது. இடையில் இருப்பவை 6574 நாட்கள். 365.25-ஆல் வகுத்தால் 17.998 என்று வரும். புரோகிராம் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டு 17 என்று காட்டும். பதினெட்டாவது பிறந்த நாளன்று பிறந்த நாள் வாழ்த்தும் சொல்லி வயது 17 என்றும் சொல்லும் அப்ளிகேஷனை என்னவென்று சொல்வது!

இதற்குச் சரியான வழி சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். வருடத்திலிருந்து வருடத்தைக் கழிக்க வேண்டும். இந்த வருடத்துப் பிறந்த நாள் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் குறைக்க வேண்டும். உங்கள் கால்குலேட்டரிலேயே இதைச் செய்திட ஒரு குறுக்கு வழி இருக்கிறது. தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எட்டு இலக்க எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். 10-06-2026 என்பது 20260610. 15-06-1966 என்பது 19660615. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 599995. கடைசி நான்கு இலக்கங்களை விட்டுவிடுங்கள். மீதி 59. அதுதான் அன்றைய வயது. ஐந்து நாள் கழித்து 20260615 என்று போட்டுக் கழித்தால் 600000 வரும், வயது 60. லீப் வருடம் பற்றிய கவலையே இல்லை.

எக்ஸெல் வைத்திருப்பவர்களுக்கு டேட்டிஃப் என்று ஒரு பங்ஷன் உண்டு. டி, ஏ, டி, இ, டி, ஐ, எஃப் என்ற ஏழு ஆங்கில எழுத்துகள். பழைய லோட்டஸ் 1-2-3 புரோகிராமுடன் ஒத்துப்போவதற்காக வைத்திருப்பதால், டைப் செய்யும்போது எக்ஸெல் காட்டும் பட்டியலில் இது தோன்றாது. முழுப் பெயரையும் நீங்களே டைப் செய்திட வேண்டும். அடைப்புக்குறிக்குள் பிறந்த தேதி உள்ள செல், பின்னர் எந்தத் தேதியில் வயது வேண்டுமோ அது உள்ள செல், மூன்றாவதாக மேற்கோள் குறிகளுக்குள் ஒய் என்ற எழுத்து. அவ்வளவுதான், என்டர் தட்டினால் முடிந்த வருடங்கள் வந்துவிடும்.

இதைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். எக்ஸெல் உங்களிடம் இரண்டு தேதிகளைக் கேட்கிறது. பெரும்பாலான செல்போன் அப்ளிகேஷன்கள் ஒரே ஒரு தேதியைத்தான் கேட்கின்றன. இரண்டாவது தேதி எப்போதும் இன்றைய தேதி என்று அவை தாமாகவே முடிவு செய்துகொள்கின்றன. வாழ்க்கையில் யாருக்கு இன்றைய வயது வேண்டியிருக்கிறது? தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் பெரும்பாலும் ஜூலை 1 அன்றைய வயதைக் கேட்கிறது. நீட் தேர்வு எழுத டிசம்பர் 31-க்குள் 17 நிறைந்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் சேர, முன்பு ஜனவரி 1 என்ற ஒரே தேதிதான் இருந்தது. 2021-ல் சட்டம் திருத்தப்பட்டு 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தேதிகள் ஆகிவிட்டன. எந்தத் தேதியில் என்று கேட்காமல் வயதைச் சொல்வது, எந்த ஊருக்கு என்று கேட்காமல் டிக்கெட் கொடுப்பது போலத்தான்.

சரி, இரண்டு தேதிகளையும் கொடுத்துவிட்டோம், கழித்தலும் சரியாக நடந்துவிட்டது. இப்போதாவது பதிலை நம்பலாமா? எல்லா இடத்திலும் நம்ப முடியாது என்பதுதான் என் கருத்து.

கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பில் சேர, அந்த ஆண்டு மார்ச் 31 அன்று குழந்தைக்கு 6 வயது நிறைந்திருக்க வேண்டும். 2022 வரை இது 5 ஆக இருந்தது. 01-04-2020-ல் பிறந்த குழந்தைக்கு 31-03-2026 அன்று வயது என்ன? எட்டு இலக்கக் கணக்குப்படி 5. நல்ல அப்ளிகேஷன் ஐந்து வருடம், பதினொரு மாதம், முப்பது நாள் என்று மிகத் துல்லியமாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு, ஒரு நாளில் போய்விட்டதே என்று அந்த அம்மா விண்ணப்பமே போடாமல் விட்டுவிடலாம். ஆனால் ஏப்ரல் 1 அன்று பிறந்த குழந்தையையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சேர்க்கை விதியிலேயே எழுதியிருக்கிறது.

இது பள்ளி காட்டும் கருணை அல்ல. பிறந்த நாளையும் ஒரு முழு நாளாகக் கணக்கில் சேர்த்தால், ஆறு வருடம் முடிவது மார்ச் 31 நள்ளிரவில்தான். ஏப்ரல் 1 என்பது ஏழாவது வருடத்தின் முதல் நாள். மத்திய அரசின் ஓய்வு விதியிலும் இதே கருத்துதான் இருக்கிறது. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்கள், அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும். 01-07-1960-ல் பிறந்தவர் 30-06-2020 அன்று ஓய்வு பெற்றார். 02-07-1960-ல் பிறந்தவர் 31-07-2020 வரை வேலையில் இருந்தார். பிறப்பில் ஒரு நாள் வித்தியாசம், சம்பளத்தில் ஒரு மாத வித்தியாசம்.

அதோடும் நிற்கவில்லை. வருடாந்திர ஊதிய உயர்வு ஜூலை 1 அன்று வரும் என்பதால், ஜூன் 30-ல் ஓய்வு பெற்றவர்கள் முழு வருடமும் உழைத்துவிட்டு ஒரு நாளில் அதை இழந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் ஒரு ஊழியருக்கு ஓய்வூதியக் கணக்குக்காக அந்த உயர்வைத் தரச் சொன்னது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இன்னொரு வழக்கில் இதே போன்ற முடிவுக்கு வந்தது. ஒரு நாளுக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, பாருங்கள்.

இந்த ஒரு நாள் எதிர்ப்பக்கமும் வெட்டும். ராஜஸ்தான் அரசுப் பணித் தேர்வு ஒன்றில், ஜனவரி 1 அன்று 28 வயது நிறைந்திருக்கக் கூடாது என்று விதி இருந்தது. விண்ணப்பித்தவர் 02-01-1956-ல் பிறந்தவர். கேட்ட தேதி 01-01-1984. எட்டு இலக்கக் கணக்குப்படி அவருக்கு வயது 27. எந்த அப்ளிகேஷனும் அதையேதான் சொல்லும். ஆனால் 1986-ல் உச்ச நீதிமன்றம், ஜனவரி 1 அன்றே அவருக்கு 28 நிறைந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. வாய்ப்புப் போய்விட்டது. ஜப்பானில் 1902-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி அங்கே எல்லோருக்குமே பிறந்த நாளுக்கு முந்தைய நாள் முடிவில் வயது கூடிவிடும். ஏப்ரல் 1-ல் பிறந்த குழந்தை, அதற்கு முன் பிறந்தவர்களோடு மேல் வகுப்பில் போய்ச் சேர்ந்துவிடும்.

இதே இந்தியாவில், மேஜர் ஆவதற்கான 1875-ஆம் வருடச் சட்டம், பதினெட்டாவது பிறந்த நாள் தொடங்கும்போது மேஜர் என்கிறது. முந்தைய நாள் இல்லை. ஆக, புரோகிராம் எழுதுபவர் எந்த விதியை வைத்துக்கொள்வார்?

இன்னும் வேடிக்கை இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 80 வயதில் கூடுதலாக 20 சதவீத ஓய்வூதியம் கிடைக்கும். 2021-ஆம் வருட விதிகளின்படி, 80 நிறையும் மாதத்தின் முதல் நாளிலிருந்தே இது கணக்காகும். 20-08-1942-ல் பிறந்தவருக்கு 01-08-2022 முதல் கிடைக்கும். அதாவது 80 நிறைவதற்கு 19 நாள் முன்பே. 01-08-1942-ல் பிறந்தவருக்கும் அதே 01-08-2022 முதல்தான். அறுபதில் அவரை முதல் தேதிக்காரர் என்று முந்தைய மாதமே அனுப்பிவிட்ட அரசு, எண்பதில் அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளவில்லை! நீதிபதிகளின் ஓய்வூதியம் பற்றிய ஒரு வழக்கில், 2018-ல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம், எண்பதாவது வருடம் தொடங்கும்போதே கூடுதல் தொகையைத் தர வேண்டும் என்றது. நம் வீட்டுப் பெரியவர்கள் "அவருக்கு எண்பது நடக்குது", "எண்பது முடிஞ்சுது" என்று பிரித்துச் சொல்வார்களே, அந்த வேறுபாடுதான் இது. எந்த அப்ளிகேஷனாவது உங்களிடம் நடப்பா, முடிந்ததா என்று கேட்டதுண்டா? திருக்கடையூருக்குப் போய் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்பவர்களுக்கோ ஆங்கிலத் தேதியே தேவையில்லை. தமிழ் மாதமும் ஜன்ம நட்சத்திரமும்தான் கணக்கு. அது தனிக் கதை.

பிப்ரவரி 29-ல் பிறந்தவர்களையும் சொல்லியாக வேண்டும். முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் பிறந்தது 29-02-1896. 1900 லீப் வருடம் இல்லை என்பதால், அவருடைய முதல் உண்மையான பிறந்த நாள் 1904-ல்தான் வந்தது. இந்த நாளில் பிறந்தவருக்கு 60-ல் சிக்கல் வராது. 60 நான்கால் வகுபடும் எண், எனவே 1964-ல் பிறந்தவருக்கு 2024-லும் பிப்ரவரி 29 இருந்தது. பதினெட்டில்தான் சிக்கல். 2008-ல் பிறந்தவருக்கு 2026-ல் பிப்ரவரி 28-ஆ, மார்ச் 1-ஆ? நியூஸிலாந்தின் போக்குவரத்துச் சட்டம் 28 என்கிறது. ஹாங்காங் சட்டம் மார்ச் 1 என்கிறது. கம்ப்யூட்டர் மொழியான ஜாவா தன் பாட்டுக்கு மார்ச் 1-ல் வருடம் முடிந்ததாக வைத்துக்கொள்கிறது.

இனி நம் நாட்டுக்கே உரிய ஒரு தொந்தரவு. செல்போன் திரையில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் தேதியைப் பல புரோகிராம்கள் அந்த நாளின் நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்கின்றன. சர்வருக்கு அனுப்பும்போது அதை உலகப் பொது நேரமாக மாற்றுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், ஜூலை 2 நள்ளிரவு என்பது அங்கே ஜூலை 1 மாலை 6.30. நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் சேமித்தால், ஜூலை 2-ல் பிறந்தவர் ஜூலை 1-ல் பிறந்தவர் ஆகிவிடுவார். மேலே பார்த்த ஓய்வு விதியை இப்போது பொருத்திப் பாருங்கள். ஜூலை 31-ல் ஓய்வு பெற வேண்டியவருக்குத் திரையில் ஜூன் 30 என்று வரும்! பிறந்த தேதிக்கு நேரம் எதற்கு? நாள், மாதம், வருடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி இப்போது பல முக்கியக் கம்ப்யூட்டர் மொழிகளில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதது சோம்பல்தான்.

வருடத்தை இரண்டு இலக்கத்தில் கேட்கும் திரைகளையும் நம்பாதீர்கள். பைத்தான் மொழியில் 69 என்றால் 1969, 68 என்றால் 2068. 1958-ல் பிறந்தவர் 58 என்று போட்டால் இன்னும் பிறக்காதவர் ஆகிவிடுவார்.

எனக்கு அதிகக் கோபம் வரும் இடம் வேறு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் உள்ள முதியவர்கள் பலருக்கு நாளும் மாதமும் தெரியாது. வருடமும் உத்தேசம்தான். கையைத் தலைக்கு மேலே கொண்டு போய் மறு காதைத் தொட்டால் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்ட காலம் அது. தலைமை ஆசிரியர் எழுதிய தேதியே பிறந்த தேதி ஆயிற்று. பள்ளிக்கே போகாதவர்களுக்கு அதுவும் இல்லை. ஆதார் அட்டைகளிலும் பலருக்கு முதலில் பிறந்த வருடம் மட்டுமே அச்சானது. ஆனால் அப்ளிகேஷனின் திரை, நாளையும் மாதத்தையும் போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. உதவி செய்ய வந்த பையன் 01-01 என்று தட்டிவிட்டுப் போகிறான். பிறகு அதுவே உண்மையாகிவிடுகிறது. முதியோர் ஓய்வூதியத்துக்கு 60 வேண்டும் என்னும்போது ஒரு திரையில் ஜனவரி, இன்னொன்றில் வேறு மாதம் என்று இருந்தால் அலைவது அந்தப் பாட்டிதான். ரயில்வேயில் இதற்குப் பழைய விதி ஒன்று உண்டு: வருடம் மட்டும் தெரிந்தால் ஜூலை 1, மாதமும் தெரிந்தால் அந்த மாதம் 16. நடுவில் வைப்பதால் பிழை எந்தப் பக்கமும் பெரிதாகப் போகாது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே யோசித்து எழுதியவர்கள் அவர்கள்.

ஆதாரில் உள்ள தேதியை வயதுக்கு முடிவான சான்றாகக் கொள்ளத் தேவையில்லை என்பதும் இப்போது தெளிவாகிவிட்டது. 2024 அக்டோபரில், விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில், ஆதாரைவிடப் பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியையே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 01-10-2023 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம் என்று சட்டமும் வந்துவிட்டது. அந்தக் குழந்தைகள் பிழைத்தார்கள்.

ஆகவே என் கட்சி இது. வயதைக் காட்டும் எந்தப் புரோகிராமும் எந்தத் தேதியில் என்று கேட்க வேண்டும். விடைக்குக் கீழே, பிறந்த நாளன்று வயது கூடுவதாக வைத்துக் கணக்கிட்டிருக்கிறோம், உங்கள் அலுவலக விதி வேறாக இருக்கலாம் என்று ஒரு வரி தமிழில் போட வேண்டும். நாள் தெரியாது, மாதம் தெரியாது என்று தேர்ந்தெடுக்க இடம் விட வேண்டும். வயதைச் சேமித்து வைக்காமல் பிறந்த தேதியைச் சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து வருடம் கழித்தும் அம்மாவுக்கு 54 என்றே காட்டிக்கொண்டிருக்கும். இதில் ஒன்றுகூடக் கடினமான வேலை இல்லை. விநாடிக் கணக்கைக் காட்டச் செலவிட்ட நேரத்தில் பாதி போதும்.

நீங்கள் ஒரு அப்ளிகேஷனை இறக்கினால், அது பெயரையும் செல்போன் எண்ணையும் சேர்த்துக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள். இ-பான் பைலைத் திறக்கும் பாஸ்வேர்டே உங்கள் பிறந்த தேதிதான். இ-ஆதாருக்குப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த வருடமும். எனவே சோதித்துப் பார்க்க உங்கள் சொந்தத் தேதியைக் கொடுக்க வேண்டாம். 10-03-2008 என்று கொடுத்து 10-03-2026 அன்றைய வயதைக் கேளுங்கள். 18 வர வேண்டும். 15-06-1966 என்று கொடுத்து 10-06-2026-க்குக் கேளுங்கள். 59 வர வேண்டும். இரண்டாவது தேதியைக் கொடுக்க இடமே இல்லை என்றால், எட்டு இலக்கக் கழித்தலைக் கால்குலேட்டரில் நீங்களே போட்டுக்கொண்டு, விண்ணப்பத்தோடு வந்த விதிமுறைத் தாளில் முதல் தேதிக்காரர்களைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.